குடிலுக்கு நான் விட்ட ஆறு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்துப் பிழை இருக்கும், முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருப்பேன், சில பேருக்கு முகம் ஞாபகம் இருக்கிறது, பேர் மறந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நானே மறக்க நினைத்தாலும் வீட்டில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், ராயபுரத்தில் எங்கள் வீட்டைக் கொளுத்தப் பார்த்தேன். தெரிந்து செய்யவில்லை. (தெரியாம செஞ்சா வூடு எரியாதா என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.)

அறுபதுகளின் கடைசி. எண்ணூரிலிருந்து வாழ வந்திருந்தேன். மாமியார் இல்லாத வீடு. மாமனார், என் வீட்டுக்காரர், நான், மூன்றே பேர். வீட்டுக்காரர் பேர் அந்தோணி. இப்போது எழுதிவிட்டேன், அந்தக் காலத்தில் வாயால் சொன்னது கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் வளையலை ஆட்டுவேன், இல்லை பாத்திரத்தை நகர்த்துவேன், அவராகத் திரும்பிப் பார்ப்பார். மாமனாரிடம் அதுவும் இல்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எட்டு மாசத்தில் அவரிடம் நான் பேசியது நாலு வார்த்தை இருந்தால் அதிகம். அதில் இரண்டு 'ம்'. எண்ணூர்ப் பெண் ஊமையா என்று எதிர்வீட்டு செசிலி அக்கா என் வீட்டுக்காரரிடமே விசாரித்தாராம்.

மாமா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஆனால் அவர் ஹார்பரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பதினாலு வயசில் ஒரு துரையிடம் வேலைக்குச் சேர்ந்தாராம். அந்தத் துரை ஊர் ஊராகக் கூடாரம் போட்டு பயாஸ்கோப் காட்டியவர். பெட்டி தூக்குவது, திரை கட்டுவது, கைப்பிடியைச் சுற்றுவது எல்லாம் மாமா வேலை. அப்போது பேசும் படமும் இல்லை, கதைப் படமும் இல்லை. எல்லாம் சீமையில் எடுத்த குட்டிக் குட்டிப் படங்கள். வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் ஒன்று முடிந்துவிடும் என்பார். முதல் உலகச் சண்டை வந்தபோது துரை கப்பல் ஏறினார். மிஷினை ஏற்றிக்கொண்ட கப்பல்காரர்கள் படச் சுருளை மட்டும் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள், அது தீப்பிடிக்கிற சரக்கு என்று. துரை ஏழு டப்பாவையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

அந்தப் பெட்டி எங்கள் உள்ரூமில் இருந்தது. வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் மாமா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, சுருளை நிழலில் காற்றாட விட்டு, மெல்லிய துணியால் துடைத்து, திரும்பச் சுற்றி வைப்பாராம். அந்த ரூமுக்குள் விளக்கு, தீப்பெட்டி, பீடி எதுவும் போகக்கூடாது. கேட்டால் "அது கோவக்கார சாமானு" என்பார். வயசான மனுஷர் ஏதோ வேண்டுதல் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். (கப்பல்காரன் பயந்த கதையையும் கேட்டிருக்கிறேன், இதையும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.)

மாமாவுக்கு ஒரே ஒரு மனக்குறை. அந்த ஏழில் ஒரு படம் ஆட்டுப் படம். வெள்ளைக்காரி ஒருத்தி கொல்லையில் துணி துவைத்துக் கொடியில் போடுகிறாள், ஒரு ஆடு வந்து சட்டையைத் தின்கிறது, அவள் துரத்தப் போய்த் தொட்டிக்குள் விழுகிறாள். அவ்வளவுதான் படம். இதை மாமா டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை, டீக்கடையில் ஒருத்தரும் நம்பிய நாளும் இல்லை. சட்டை தின்னும் ஆட்டை நம்பினார்கள். எங்கள் தெரு ஆடு போஸ்டரையே தின்னும். வெள்ளைக்காரி துணி துவைத்தாள் என்பதைத்தான் நம்பவில்லை. டீக்கடைக்கு வருகிற மாணிக்கம் ஹார்பர் லேபர். அவர்தான் முதலில் ஆரம்பிப்பார்.

"இன்னா நைனா, தொரசானி துணி தோச்சாளா? அவ கைக்குட்டையைக் கூட நம்மாளு தான்யா தோச்சிக் குடுத்தான். வேற கத சொல்லு."

போட்டுக் காட்ட மிஷின் கிடையாது. சுருளைக் கையில் பிடித்துக் காட்டலாம் என்றால் பொட்டு அளவு கட்டங்கள், கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. மாமாவுக்குப் பேரே ஆட்டு நைனா என்று ஆகிவிட்டது. சில நாள் டீக்கடையிலிருந்து வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

கடைசியில் மாதா கோயில் சாமியாரைப் பிடித்து ஒரு கடிதம் எழுதவைத்தார். பழைய படங்களைச் சேர்த்து வைக்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறதாம், அதற்கு. அவர்கள் சீமைக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வந்தது. ஆட்டுப் படம் என்று ஒன்று எடுத்ததாகப் பழைய புத்தகத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் சீமையிலேயே ஒரு பிரதி கூட இல்லை, ஜனவரியில் ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்று. மாமா அன்று என் வீட்டுக்காரரிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நான் கண்ண மூடறதுக்குள்ள ஒருத்தன் பாத்து சொல்லணும்டா, இந்தக் கெழவன் பொய் சொல்லலன்னு. அது போதும்."

இதைக் கேட்ட அதே காதோடுதான் நான் அடுத்த வேலையைச் செய்தேன்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு குடில் வைப்பார்கள். கோயிலிலிருந்து நாலு பேர் வந்து எந்தக் குடில் நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். வருஷா வருஷம் செசிலி அக்காவுக்குத்தான். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளம் ஆக்கி, அதில் இரண்டு வாத்தை விட்டுவிடுவார். எனக்குப் பேச வராது, ஆனால் ரோஷம் மட்டும் நன்றாக வரும். அவர் குளம் வைத்தால் நான் ஆறு விடுகிறேன் என்று முடிவு செய்தேன். காக்கிக் காகிதத்தைக் கசக்கி மலை செய்தேன், கொட்டாங்கச்சியில் கேழ்வரகு முளைக்கவைத்துப் புல் ஆக்கினேன். ஆறுதான் வரவில்லை. நீலக் காகிதம் விரித்தால் காகிதமாகத்தான் இருந்தது.

எண்ணூரில் எங்கள் பக்கத்து வீட்டம்மா ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவர். வேண்டாத எக்ஸ்ரே அட்டையைக் கொண்டுவந்து வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்துத் தேய்ப்பார். கறுப்பெல்லாம் கழன்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒட்டுவார். அது ஞாபகம் வந்தது. உடனே உள்ரூம் பெட்டியும் ஞாபகம் வந்தது.

ஒரு மத்தியானம் மாமா டீக்கடையில் இருந்தார், வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். பெட்டியைத் திறந்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு, கெட்டுப்போய்விட்டது என்று மாமா சொல்லிக் கேட்ட முதல் இரண்டை விட்டுவிட்டு, மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆளே இல்லை என்று தெரிந்த பிறகுதான் எடுத்தேன். வெறும் கோடு கோடாக இருந்தது. ஆள் இல்லாத படம் யாருக்கு என்ன உதவும்? அடுப்பங்கரையில் இடம் போதாமல் வெந்நீரைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். (அடுப்பு மேலேயே அண்டாவை வைத்து அதில் போட்டிருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். அதை நினைத்தால் இப்போதும் ஒரு மூச்சு பெரிதாக வருகிறது.) இரண்டு விரல் அகலம், பத்துப் பாகம் நீளம் (இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்). தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று கழன்றது. சீமையின் ஒரு நிமிஷம் எங்கள் வேப்பமரத்தடியில் ஓடியது.

நீலக் காகிதத்தின் மேல் அதை நெளிநெளியாகப் பரப்பியதும் நானே அசந்துபோனேன். ஆறேதான். மினுமினுத்தது. இன்னும் மின்னட்டும் என்று இரண்டு கரையிலும் எட்டு மெழுகுவர்த்தி நட்டேன், கோயில் ஆட்கள் வரும்போது ஏற்றலாம் என்று.

வெறும் டப்பாவைத் திரும்ப வைத்தால் கனம் காட்டிக்கொடுக்கும். அன்றுதான் முறுக்கு சுட்டிருந்தேன். டப்பாவும் வட்டம், முறுக்கும் வட்டம். எலிக்கும் எட்டாது. அடுக்கி, மூடி, பெட்டியில் வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு புத்திசாலியாக இருந்ததே இல்லை என்று நினைத்தேன்.

ஜனவரியில் வருவேன் என்ற ஆபீசர் இருபத்து மூன்றாம் தேதி மூன்று மணிக்கு வந்து நின்றார். வேறு வேலையாக மெட்ராஸுக்கு வந்தாராம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று. ஒல்லியான மனுஷர், கையில் வெள்ளைத் துணி உறை, பையில் பூதக்கண்ணாடி. மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு, என்ன நினைத்தாரோ, டீக்கடைக்கு ஆள் அனுப்பி எல்லாரையும் வரச்சொன்னார். மாணிக்கம் முதல் ஆளாக வந்தார். எங்கள் வாசலில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

ஆபீசர் பெட்டியை வெளியே கொண்டுவரச் சொன்னார். பிறகு எல்லாரையும் ஒரு தடவை பார்த்து, பீடியை அணையுங்கள் என்றார். இந்தப் பழைய பிலிம் பஞ்சை வெடிமருந்தாக்கின மாதிரி ஒரு சாமான், ஒரு தீக்குச்சி போதும், பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும் என்றார். எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். எனக்குப் பின்னால் முன்ரூமில் குடில் இருந்தது. எனக்குப் பின்னால் போக இடமில்லை.

முதல் டப்பாவைத் திறந்தார். புளித்த வாடை. உள்ளே வெல்லப்பாகு மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. இரண்டாவது பழுப்புப் பொடி. மூன்றாவதைத் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, இது முறுக்கு" என்றார், மெதுவாக.

மாமா எட்டிப் பார்த்தார். எலி கடித்திருக்குமோ என்று யாரோ சொன்னார்கள். "எலி பிலிம தின்னுட்டு, பதிலுக்கு முறுக்கு வெச்சிட்டா பூடும்?" என்றார் மாணிக்கம். வாசலே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

ஆபீசர் சமாதானம் சொல்வது போல, நான் முக்கியமாகத் தேடுவது ஆட்டுப் படம்தான், அது சுலபமாகத் தெரியும் என்றார். பழைய புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி ஆரம்பத்தில் ஆளே இருக்காதாம். வெறும் கொடிக்கயிறுகள் மட்டும் கோடு கோடாகத் தெரியுமாம். பிறகுதான் அந்த அம்மா வருவாளாம்.

ஆளில்லை, கோடு கோடாக. நான் முதல் இரண்டு முழத்தைத்தானே பார்த்தேன். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் சலவை சோடா போட்டுத் துவைத்துவிட்டேன். துணி துவைத்த வெள்ளைக்காரியையே துவைத்துவிட்டேன். மாமா சாகும்வரை ஆட்டு நைனாதான். இதை யாரிடம் சொல்வது, எந்த வாயால் சொல்வது என்று நான் நிற்கும்போது என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அப்பா அவமானப்பட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோயில் ஆட்களும் வருகிற நேரம், குடிலையாவது ஏற்றிக் காட்டுவோம், பேச்சு மாறட்டும் என்று நினைத்திருக்கிறார். பெட்டியிலிருந்து எட்டு கெஜம் தள்ளி வந்துதான் தீப்பெட்டியை எடுத்தார். ரொம்ப ஜாக்கிரதையான மனுஷர். ஆறு எதில் செய்தது என்று அவருக்குத் தெரியாதே.

குச்சியை உரசப் போனார்.

வளையலை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் நகர்த்தப் பாத்திரம் இல்லை. அடுத்து என் வாயிலிருந்து வந்ததை அன்று தெருவே கேட்டது.

"டேய் அந்தோணி, கொளுத்தாதடா."

அவர் கையிலிருந்து தீப்பெட்டியே விழுந்துவிட்டது. வாசலிலிருந்து செசிலி அக்கா, "அய்ய, ஊமையில்ல" என்றார்.

மாமா உள்ளே வந்தார். என்னை முதன்முதலாக நேராகப் பார்த்தார். "பிலோமி, இன்னாம்மா ஆச்சு?"

"அந்த ஆறு... அது உங்க பிலிமு மாமா. நான்தான் தோச்சிட்டேன். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான் பண்ண ஒரே தப்பு இதுதான், ஆனா பெரிய தப்பு" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

ஆபீசர் ஓடி வந்தார். குடிலைப் பார்த்தார், கரையில் எட்டு மெழுகுவர்த்தியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார். கழுவினால் படம்தான் போகும், எரிகிற குணம் போகாது என்றார். பிறகு தீப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, மூன்று வாளி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஆற்றை மலையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வாளியில் போட்டார். ஆடு, மாடு, இடையர்கள் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். பாலன் இயேசுவை இருபத்து நாலாம் தேதிதான் படுக்கவைப்போம், அந்த மட்டில் அவர் தப்பினார்.

ஆறு அடங்கியதும் எல்லாரும் திரும்ப வாசலுக்குப் போனார்கள். நானும் போனேன், கதவுக்குப் பின்னால் நிற்க இனி என்ன இருக்கிறது. நாலு டப்பா மிச்சம். நாலாவது, குதிரை பூட்டின தீயணைப்பு வண்டி. ஐந்தாவது, பிள்ளைகள் பனிக்கட்டியை உருட்டி அடித்துக்கொள்வது. ஆறாவது, குதிரைப் பந்தயம். ஒவ்வொன்றையும் ஆபீசர் வானத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணாடி வழியே பார்க்கப் பார்க்க, நான் மாதாவிடம் ஒவ்வொரு வேண்டுதலாக ஏற்றிக்கொண்டே போனேன். (வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று சொன்னதாக ஞாபகம். பஸ்ஸில்தான் போனேன்.)

ஏழாவதைப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சுருளை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை மாமாவிடம் நீட்டினார்.

மாமா அதை வாங்கினார். ஆனால் தான் பார்க்கவில்லை. மாணிக்கத்தைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார்.

மாணிக்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வெள்ளக்காரிதான். மரத்தொட்டில போட்டுக் கும்முறா நைனா. பாவம், கையெல்லாம் சோப்பு."

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு பதினைந்து பேரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். வரிசையின் நடுவே யாருக்கோ ஆடும் கிடைத்தது. பழைய துரை காலத்துச் சரக்கு இத்தனை வருஷம் மெட்ராஸ் வெயிலில் தாங்கியதே இவர் காற்றாட விட்டதால்தான் என்று ஆபீசர் தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

"அப்போ பூட்டது எது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மாமா விரல் விட்டு எண்ணினார்.

"கடல் படம்டா. வெறும் அலை. பாறைல வந்து மோதும், போவும். வேலூர், ஜோலார்பேட்டைல போட்டா ரெண்டு தபா கேப்பாங்க, முன்னாடி குந்திகினு இருக்கறவன் கால மேல தூக்கிப்பான். ராயபுரத்துல ஒரு நாளு கூட ஓடல. துட்டு வாங்கிகினு கடலக் காட்டறியான்னு தொரையவே கத்தினானுங்கோ."

அது சீமையில் இரண்டு பிரதி பத்திரமாக இருக்கிறது, கவலையில்லை என்றார் ஆபீசர். ஆனாலும் எனக்கு அழுகை நிற்கவில்லை. மாமா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏம்மா அழுவுற? கடலு தானே. எதிர்லயே கீது. வேணும்ன்றப்ப போய் பாத்துக்கலாம்."

அதைக் கேட்டு நான் அழுகையோடே சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரும் மாணிக்கமும் அந்த வாளியைக் கொண்டுபோய்க் கரையில் ஈர மணலில் ஆழமாகப் புதைத்தார்கள். கோயில் ஆட்கள் வந்தபோது எங்கள் குடிலில் மலைக்குக் கீழே ஒரு கிழிசல் மட்டும் இருந்தது. வழக்கம் போலச் செசிலி அக்கா குளத்துக்குத்தான் பரிசு. அவர் வாத்தைத் தூக்கி என் கையில் கொடுத்து, அடுத்த வருஷம் குளமே வை, ஆறு வேணாம் என்றார்.

ஆபீசர் நாலு சுருளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் மாமா டீக்கடையில் ஆட்டுக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டார். அதைத்தான் எல்லாரும் நம்பிவிட்டார்களே. அதற்குப் பதில், என் மருமகள் கடலையே துவைத்துக் காயப்போட்டவள் என்று ஆரம்பித்தார். நானும் அவரிடம் பேச ஆரம்பித்தேன். முதலில் நாலு வார்த்தை, பிறகு நிறுத்தச் சொல்லும் அளவுக்கு.

என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் இதை வைத்தே பிழைத்தார். கூப்பிட்டால் வரமாட்டார், "மொத மொதல்ல எப்டிக் கூப்ட்டியோ அப்டிக் கூப்டு" என்பார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் குடில் ஏற்றுவது யாராக இருந்தாலும், பிள்ளையோ மருமகளோ பேரனோ, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். நான் சத்தமாக "டேய், கொளுத்து" என்று சொன்ன பிறகுதான் உரசுவார்கள். சொல்லாவிட்டால் பாலன் இருட்டில்தான் கிடக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுவேன்.

படித்தவர்கள் யாராவது ஒரு உதவி செய்ய வேண்டும். பத்துப் பாகம் என்று எழுதியிருக்கிறேன், எட்டாகவும் இருக்கலாம். தீ வண்டிக்கு இரண்டு குதிரையா மூன்றா என்பதும் நிச்சயமில்லை. அதையெல்லாம் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த ஆட்டுப் படம் இப்போது சீமையில் குளிர் ரூமில் இருக்கிறதாம், மிஷினில் போட்டு ஓடவும் விடுகிறார்களாம். வரிசையில் கடைசியாக நின்ற எனக்குக் கிடைத்தது அந்த அம்மாவின் முதுகு மட்டும்தான். ஆட்டுக்குக் கொம்பு உண்டு என்றார் மாமா, இல்லவே இல்லை என்றார் மாணிக்கம், இரண்டு பேரும் அந்தச் சண்டையோடே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்து ஒரு வரி எழுதிப்போட்டால் நன்றாக இருக்கும்.